பொதுநீர் காத்த ஊர்

(காரைக்குடியில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நீரைப் பற்றிப் பேசுக என என்னைப் பணித்துள்ளனர். நான் நீரியல் அறிஞனும் அல்லேன், பொறியாளனும் அல்லேன். முப்பது ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து வருபவன். ஆகலின் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகின்றேன்.

அண்மையில் வகுப்பில் திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்தை நடத்திக் கொண்டிருந்தேன். உலக நலம் நாடும் அறிவாளனிடத்துச் சேர்ந்த செல்வத்துக்கு நீர் நிறைந்த ஊருணியை வள்ளுவர் உவமை காட்டுகின்றார் அன்றோ? அவ்விடம் வந்ததும், "ஊருணி என்பது யாது?" என வினவினேன். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அது பேருந்து நிற்கும் இடம்" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. அவன் வாழும் தெருவில் ஊருணி என்னும் பெயர் இருக்கின்றது. நீர் இல்லை, படித்துறை இல்லை, கரையும் இல்லை. கடைகள் இருக்கின்றன, பேருந்து நிற்கின்றது.

மொழிக்கு நேரும் கேட்டை நாம் பெரும்பாலும் ஒருவகையாகவே பேசி வந்துள்ளோம். வேற்றுச்சொல் வந்து புகும். தமிழ்ச்சொல் வெளியேறும் என்கின்றோம். அது மெய். ஆயினும் மற்றொரு வகைக் கேடும் உண்டு. சொல் அவ்வாறே நிற்கும். அது குறித்த பொருள் மண்ணிலிருந்து மறைந்துபோகும். உயிர் போன பின்னும் வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகை போன்றது அச்சொல். இவ்வகைக் கேட்டை அகரமுதலி தொகுத்துத் தடுக்க முடியாது. மண்வெட்டி எடுத்துத்தான் தடுக்க வேண்டும்.

நம் சிவகங்கைச் சீமையில் வற்றாத பேராறு இல்லை. வைகையும் மணிமுத்தாறும் பாம்பாறும் மழை வந்தால் ஓடும். மழை போனால் மணலாகும். ஆண்டின் பெருமழை துலை, நளி, சிலை ஆகிய மூன்று திங்களில், அதாவது ஐப்பசி முதல் மார்கழி வரையில், வாடைக் காற்றோடு வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த மூன்று திங்கள் நீரைப் பன்னிரு திங்களுக்கும் பகுத்து வைக்கத் தெரிந்தவனே இங்கு வாழ முடியும். நம் முன்னோர்க்கு அது தெரிந்திருந்தது. தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று அவர்கள் விட்டுச்சென்ற சொற்களே.

குடிக்கும் நீர்க்கு ஊருணி. ஊரால் உண்ணப்படுவது ஊருணி. வயலுக்குரிய நீர்க்குக் கண்மாய். கண்வாய் என்பதே கண்மாய் ஆயிற்று என்பர். சிறியது ஏந்தல், தாங்கல். மழைநீரைக் கண்மாய்க்குக் கொண்டுவருவது வரத்துக்கால். நீர் நிற்கும் பரப்பு உள்வாய். வயலுக்கு நீர் விடுவது மடை. மிகைநீர் வழியுமிடம் கலிங்கு. ஒரு கண்மாயின் கலிங்கில் வழிந்த நீர் அடுத்த கண்மாய்க்கு வரவாகும். அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. இவ்வாறு கண்மாய்கள் ஒன்றையொன்று கைகோத்து நிற்கும். மேலூரான் தன் கலிங்கை உயர்த்திக் கட்டினால் கீழூரான் வயல் காயும். ஆகவே நீர் ஓர் ஊரின் பொருள் மட்டும் அன்று. ஊர்களை ஒன்றோடொன்று பிணைத்த கயிறும் அதுவே.

இந்தச் செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பையே பாருங்கள். நகரத்தார் வளவுகளில் ஓட்டுக்கூரை நீர் முற்றத்தில் இறங்கும். அதனை அண்டாக்களில் பிடித்தது போக மிகுந்தது தெருக்கால் வழியே ஊருணிக்குச் செல்லும். பருமாவிலும் மலையாவிலும் ஈட்டிய பொருளில் ஒரு பகுதியைச் செம்பாறைக் கல்லால் ஊருணிக்குப் படிகட்டச் செலவிட்டனர். மாளிகை தனக்கு, ஊருணி ஊருக்கு. மாளிகையைக் காண இன்று வெளிநாட்டார் வருகின்றனர். ஊருணியை நாமே எட்டிப் பார்ப்பதில்லை.

அவையோரே, கண்மாய்க்கரை ஊரின் ஓராண்டு வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆடி, ஆவணியில் வரத்துக்காலில் முளைத்த முள்ளை வெட்டி வழி திறப்பர். வானத்தை நம்பிப் புழுதியில் விதைப்பர். ஐப்பசியில் முதல் வெள்ளம் உள்வாயில் புகும்போது ஊரே கரைக்கு ஓடும். கார்த்திகைக் கனமழையில் கரை உடையாமல் காக்க இரவு முழுதும் ஆள்மாற்றி ஆள் காவல் நிற்பர். தையில் அறுவடை. மாசி, பங்குனியில் நீர் சுருங்கும். சேறு கலங்கும் கோடையில் ஒருநாள் குறித்து மீன்பிடி அறிவிப்பர். ஊர்ப்பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்குவர். விராலும் கெளுத்தியும் கெண்டையும் அன்று எல்லார் வீட்டு அடுப்பிலும் கொதிக்கும். அதன்பின் காய்ந்த உள்வாயில் வண்டலை அள்ளி வண்டியேற்றி வயலில் இடுவர். வயலுக்கு எரு, கண்மாய்க்கு ஆழம். ஒரே வேலையில் இரண்டு பயன்!

சிங்கம்புணரி, திருப்பத்தூர் வட்டாரங்களில் அம்மீன்பிடி விழா இன்றும் நடக்கின்றது. அந்த வெள்ளைத் துண்டைக் கூர்ந்து நோக்குமாறு உங்களை வேண்டுகின்றேன். காவலர் இல்லை, வேலி இல்லை, சீட்டு இல்லை. ஒரு முழத் துணி அசையும்வரை ஓர் ஊரே கரையில் காத்து நிற்கின்றது. அந்தக் காத்திருப்புக்குப் பெயர்தான் பொது.

இதனினும் உயர்ந்த ஓர் எடுத்துக்காட்டு திருப்பத்தூரை அடுத்துள்ளது. வேட்டங்குடிக் கண்மாய், பெரிய கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய், சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய் ஆகிய மூன்றும் சேர்ந்தது வேட்டங்குடிப் பறவைப் புகலிடம். பரப்பு ஏறத்தாழ 38 எக்டேர். 1977-ஆம் ஆண்டு அரசு அதனைப் புகலிடமாக அறிவித்தது. மழை பெய்து கண்மாய் நிறைந்தால் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், இராக்கொக்கு என இனம் இனமாகப் பறவைகள் வந்து நீரில் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. குஞ்சு பொரித்து, அது பறக்கக் கற்று, நீர் வற்றும் காலத்தில் திரும்பிச் செல்கின்றன.

அவை வந்து தங்கும் காலத்தில்தான் தீபாவளியும் வருகின்றது. நாடே வெடி வெடிக்கும் அந்நாளில் கொள்ளுக்குடிப்பட்டியில் வெடியோசை இல்லை. பல பத்தாண்டுகளாக அவ்வூரார் வெடிப்பதில்லை. திருமணத்திலும் கோயில் விழாவிலும் வெடிப்பதில்லை. வெடிச்சத்தத்தில் தாய்ப்பறவை அஞ்சிப் பறந்தால் கூட்டில் உள்ள குஞ்சு என்னாகும்? இதுவே அவர்கள் கேட்ட கேள்வி. இதற்கு விடையாகவே அவர்கள் தம் மகிழ்ச்சியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். தீபாவளிக்கு வனத்துறையினர் இனிப்பு வழங்கி அவர்களைப் பாராட்டுவதுண்டு. ஆயினும் இனிப்புக்காகவா ஓர் ஊர் தலைமுறைக் கணக்கில் அடங்கியிருக்கும்? பறவையின் எச்சம் கலந்த நீர் பயிர்க்கு நல்ல எரு என்பதை உழவன் அறிவான். பறவை வந்த ஆண்டு மழையுள்ள ஆண்டு என்பதையும் அறிவான். அவ்வறிவோடு அன்பும் சேர்ந்தது. அறிவும் அன்பும் சேர்ந்த இடத்தில் சட்டத்துக்கு வேலை குறைவு.

யாவரையும் உறவாகக் கண்டு பாடிய கணியன் பூங்குன்றனார் பிறந்த ஊராகக் கருதப்படும் மகிபாலன்பட்டியும் இந்தத் திருப்பத்தூர் வட்டாரத்தைச் சேர்ந்ததே. அவ்வுள்ளம் ஏட்டில் மட்டும் உள்ளது என்பார்க்குக் கொள்ளுக்குடிப்பட்டியைக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அங்கு அதன்படி வாழ்ந்து காட்டியிருக்கின்றாள்.

பழம்பெருமையை மட்டும் பேசிவிட்டு இறங்கினால் நான் உங்களுக்கு உண்மையுடையவன் ஆகேன். நம் பழைய ஒழுங்கில் ஒரு பெருங்கறை இருந்தது. மடை திறந்து ஒவ்வொரு வயலுக்கும் அளவாக நீர் பகுத்தவன் நீர்பாய்ச்சி. வெள்ளத்தில் மூழ்கி மடையை அடைத்தவன் அவன். பல ஊர்களில் அவன் ஒடுக்கப்பட்ட மக்களுள் ஒருவன். களத்துமேட்டில் அவனுக்கு நெல் அளந்தனர். ஆனால் அவன் வீட்டுப் பெண் ஊருணிப் படியில் இறங்கிக் குடம் முகக்க இசையவில்லை. யாரேனும் இரங்கி ஊற்றும்வரை வெறுங்குடத்தோடு ஒதுங்கி நின்றாள். ஊரே உண்பது ஊருணி எனில் அவள் ஊரில் சேராதவளா? ஒருத்தியை விலக்கிய அன்றே அந்நீர் பொதுநீர் என்னும் பெயரை இழந்தது. உத்தரமேரூர்க் கல்வெட்டு, 919, 921-ஆம் ஆண்டுகளிலேயே ஏரிவாரியத்தைக் குடவோலையால் தெரிந்தெடுத்ததைச் சொல்கின்றது. பெருமைதான். ஆனால் அது பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊர். உழுதவனுக்கு அக்குடத்தில் ஓலை இல்லை. பழைய ஒழுங்கை மீட்க வேண்டும் என்கின்ற நாம், அந்தக் கறையைக் கழுவியே மீட்க வேண்டும்.

இனி, இவ்வொழுங்கு எவ்வாறு சிதைந்தது? ஊர் கூடிக் கண்மாய் பேணிய வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். குடி நம் சொல். மராமத்து அரபுமொழிச் சொல். பெயரில் பாதி போனதுபோல் உரிமையிலும் பாதி போயிற்று. வெள்ளையர் ஆட்சி நிலவரி வாங்குவதில் காட்டிய முனைப்பைக் கண்மாய் பேணுவதில் காட்டவில்லை. ஊர்க்கு வேலை செய்யும் வலிமை குன்றியபின், 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து குடிகளைக் கரைக்கு வரச்செய்ய முயன்றது. தன் கண்மாய் என்று வந்தவனை, வராவிட்டால் தண்டம் என்று அழைத்தால் அவன் எப்படி வருவான்? விடுதலைக்குப்பின் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன்முறை ஒழிந்தது, நன்றே. ஆனால் சமீன் கண்மாய்கள் ஊரின் கைக்கு வரவில்லை. பெரியவை பொதுப்பணித் துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் சென்றன. கரை உடைந்தால் மண்வெட்டி எடுத்தவன், அதன்பின் மனு எழுதக் கற்றான்.

அதற்குள் உள்வாயில் சீமைக் கருவேல் காடாயிற்று. வரத்துக்கால் மனையாயிற்று. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளதாகக் கணக்குச் சொல்கின்றது. கணக்கேட்டில் உள்ளவை எல்லாம் மண்ணில் அவ்வாறே இருக்கின்றனவா என்பதை அவரவர் ஊர்க்குப் போய்ப் பாருங்கள். நீர்நிலைகளைக் காக்கவும் வன்கவர்வை அகற்றவும் 2007-இல் சட்டம் வந்தது. 2017-இல் குடிமராமத்து என்னும் பெயரிலேயே அரசு திட்டம் தொடங்கியது. செலவில் பத்தில் ஒரு பங்கு உழவர் அளிக்க வேண்டும் என்றது. வரவேற்போம். ஆனால் ஒன்று கேட்போம். மண்ணள்ளும் பொறி உள்ளே இறங்க, குடி கரையில் நின்று வேடிக்கை பார்த்தால் அது எவ்வாறு குடிமராமத்து ஆகும்?

ஆகவே, தோழர்களே, மூன்று வேலைகளை உங்கள்முன் வைக்கின்றேன்.

ஒன்று: உங்கள் ஊர் ஊருணி, கண்மாய், வரத்துக்கால், கலிங்கு ஆகியவற்றின் பெயர்களை முதியோரைக் கேட்டு எழுதுங்கள். நிலப்பதிவில் அவற்றின் எல்லை யாது எனப் பாருங்கள். பெயர் தெரியாத நீர்நிலையைக் கவர்வது எளிது.

இரண்டு: ஆடி பிறக்குமுன் ஒருநாளேனும் இளைஞர் கூடி வரத்துக்காலில் இறங்குங்கள். தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதும் கை, ஒரு கூடை மண்ணும் சுமக்கட்டும்.

மூன்று: அந்த வேலைக்கு வருவோரிடம் எந்தத் தெரு என்று கேளாதீர்கள். அந்த நீரில் முகக்க வருவோரிடமும் கேளாதீர்கள்.

என் மாணவனுக்கு நான் அன்று விடை கூறவில்லை. வரும் விடுமுறையில் அவனையும் அவன் வகுப்பையும் கொள்ளுக்குடிப்பட்டிக் கரைக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். நீர் நிறைந்திருந்தால் பறவை இருக்கும். பறவை இருந்தால் நான் பேசத் தேவையில்லை. கரையில் நின்று அவன் பார்க்கட்டும். பின்பு அந்தக் குறளை அவனே படிக்கட்டும்.

நீர் பொதுவாகுக! ஊர் ஒன்றாகுக! தமிழ் வாழ்க!