45 எழுத்து வார்த்தை



'அந்த வார்த்தையைச் சொல்லுடா' என்று வாசலிலேயே இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். சொல்லிவிடுகிறேன்: நியூமோனோ-அல்ட்ரா-மைக்ராஸ்கோபிக்-சிலிக்கோ-வால்கேனோ-கோனியோஸிஸ். ஆங்கிலத்தில் 45 எழுத்து. முதலில் நிற்கும் 'பி' வாயே திறக்காது. ஆறு துண்டாக வெட்டி, 'ஸ்கோ', 'கே', கடைசி 'யோ' மூன்றையும் அழுத்தினால் ஒரே மூச்சில் வந்துவிடும். ஹாஸ்டல் போட்டியில் இதற்காக எனக்கு ஒரு சோப்பு டப்பா கிடைத்தது.

கிரேக்கத்தில் நியூமோன் நுரையீரல், கோனிஸ் தூசி. அல்ட்ரா லத்தீன். கண்ணுக்கே தெரியாத சிலிக்கா தூசியைச் சுவாசித்து வரும் நுரையீரல் நோய் என்று பொருள். அமெரிக்காவில் புதிர்ப் பிரியர்கள் சங்கத் தலைவராயிருந்த எவரெட் ஸ்மித் 1935-ல் நீளத்துக்காகவே கட்டிய சொல். டாக்டர்கள் 'சிலிகோஸிஸ்' என்பதோடு விட்டுவிடுவார்கள். எரிமலையெல்லாம் சும்மா ஒட்டுப்போட்டது.

நமக்கு எரிமலை எதற்கு? பல்லாவரம் மலையே போதும். அந்தக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல்லை வைத்து ஹாலண்ட் என்பவர் 1893-ல் சூட்டியது. அதில் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா, தாராளம்.

போட்டி முடிந்த அதே மாதம், மெஸ்ஸில் பரிமாறும் அண்ணன் 'இங்கிலீஷ் படிச்ச தம்பி' என்று என்னைச் சானடோரியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு ஸ்டேஷன் தூரம்தானே. அவர் மச்சான் பம்மல் பக்கம் ஒரு குவாரியில் பல வருஷம் கல் உடைத்தவர். முகத்துக்குக் கட்ட ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. சட்டப்படியே இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். அந்தக் குவாரியில் யார் தெரிவித்தார்கள்! தூசி நுரையீரலில் தழும்பாகிவிட்டால் மாறாது. கூடவே டி.பி.யும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். அவருக்கு ஒட்டியிருந்தது.

"தம்பி, எனக்கு என்ன நோவுன்னு எழுதியிருக்கு?" என்றார். சோப்பு டப்பா வாங்கிய வாய்க்கு வார்த்தை வரவில்லை.

"கல்லுத் தூசி மார்ல படிஞ்சிருக்குண்ணே."

"அது எனக்கே தெரியுமே! இங்கிலீஷ்ல வேற ஏதாச்சும் நல்லதா இருக்கும்னு நெனச்சேன்" என்று சிரித்தார். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது.

அடுத்த வருஷப் போட்டிக்கு நான் பேர் கொடுக்கவில்லை.