தெரியாத சொல்லுக்குப் பக்கத்திலேயே பொருள் இருக்கிறது

(கெடா மாநில மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்குமான தொலைக்காட்சிக் கல்விக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பாலிங் என்று பல இடங்களிலிருந்து இங்கே வந்திருக்கிறீர்கள். சிலர் இன்னும் தோட்டத்தில் இருக்கிறீர்கள். பலர் தோட்டத்தை விட்டு வந்து தாமானில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். எங்கிருந்து வந்தாலும் ஆறாம் படிவ மாணவர்களிடமும் மெட்ரிகுலேஷன் மாணவர்களிடமும் எனக்குக் கிடைக்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, ஆங்கிலச் சொற்களை எப்படி மனப்பாடம் செய்வது?"

மனப்பாடம் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தேர்வு, பல கதவுகள்

மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வை நாம் சுருக்கமாக மூவெட் என்கிறோம். 1999-ஆம் ஆண்டு முதல் மலேசியத் தேர்வு மன்றம் இதை நடத்தி வருகிறது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குப் போக விரும்பும் மாணவருக்கு இது தேவை. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு பகுதிகள். 2021-இல் அமைப்பு மாறியது. இப்போது நான்குக்கும் சம மதிப்பெண், பகுதிக்கு 90 வீதம் மொத்தம் 360.

பேண்ட் குறைந்தால் என்ன ஆகும்? எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல புள்ளிகள் எடுத்த பிள்ளைகூட விரும்பிய துறைக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்கும். சட்டம், மருத்துவம் போன்ற துறைகள் கூடுதல் பேண்ட் கேட்கின்றன. மீண்டும் எழுதலாம், உண்மைதான். ஆனால் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். தோட்டச் சம்பளத்திலும் தொழிற்சாலைச் சம்பளத்திலும் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு ஓர் ஆண்டு வீணாவது சின்ன இழப்பு அல்ல.

வாசிப்புப் பகுதியைப் பாருங்கள். 75 நிமிடத்தில் 40 கேள்விகள். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. பத்திகளைப் படிக்கும் நேரமும் இதற்குள்தான் அடங்கும். அகராதியைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, "இவற்றுக்குப் பொருள் எழுதுக" என்று யாரும் கேட்கப் போவதும் இல்லை. பத்தியின் நடுவில் தெரியாத சொல் ஒன்று வந்து வழிமறிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் உண்மையான தேர்வு.

நம் பாட்டன் பாட்டி கற்ற வழி

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. கப்பலேறி வந்த நம் முன்னோர்களில் மிகப் பலர் ஆங்கிலப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்கள் அல்லர். ஆனாலும் தோட்டத்தில் எத்தனை ஆங்கிலச் சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள்! விடிவதற்கு முன்னால் துரைக்கும் கங்காணிக்கும் முன்பாக வரிசையில் நின்று பெயர் கொடுப்பது 'பெரட்டு'. அது ஆங்கில 'பரேட்'. வரிசையாகக் கட்டிய வீடுகள் 'லயம்'. அது 'லைன்'. வேலைக்கு வந்தவர்களின் பெயரைப் பதிவது 'செக்ரோல்'. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர் 'டிரசர்'.

இவற்றுக்கெல்லாம் யார் அகராதி கொடுத்தார்கள்? யாருமில்லை. சொல் எந்த நேரத்தில் வந்தது, எந்த இடத்தில் வந்தது, அதைச் சொன்னவுடன் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துப் பொருள் கண்டார்கள். இடம் பார்த்துப் பொருள் அறிவது என்பது இதுதான். அவர்கள் களத்தில் நின்று செய்ததை நீங்கள் தாளில் செய்யப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

நான்கு தடயங்கள்

எழுதுபவர் தெரிந்தோ தெரியாமலோ தடயம் விட்டுப் போகிறார். முக்கியமான நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, விளக்கம். 'கோயாகுலேஷன்' என்று ஒரு சொல் வருகிறது. பயந்துவிடாதீர்கள். அடுத்து ஒரு காற்புள்ளி, அதன் பிறகு 'அதாவது பால் உறைந்து கட்டியாவது' என்று இருக்கிறது. எழுதியவரே பொருளைச் சொல்லிவிட்டார். பால்மரத் தோட்டத்துப் பிள்ளைக்கு மருந்து ஊற்றினால் பால் உறையும் என்று தெரியாதா? 'தட் இஸ்', 'மீன்ஸ்', 'ரெஃபர்ஸ் டு', சில இடங்களில் 'ஆர்' என்ற சின்னச் சொல், அடைப்புக்குறி, சிறு கோடு ஆகியவை வந்தால் விளக்கம் வருகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, எதிர்மறை. "அண்ணன் 'டெசிடர்ன்', ஆனால் தம்பியோ வாய் ஓயாமல் பேசுவான்" என்று வாக்கியம் இருக்கிறது. 'ஆனால்' என்ற ஒரு சொல் போதும். தம்பி வாயாடி என்றால் அண்ணன் அதிகம் பேசாதவன். 'பட்', 'ஹவெவர்', 'அன்லைக்', 'ஆல்தோ', 'வைல்' ஆகிய சொற்களைக் கண்டால் பென்சிலால் வட்டமிடுங்கள்.

மூன்றாவது, எடுத்துக்காட்டு. "எலி, அணில் போன்ற 'ரோடன்ட்ஸ்' செம்பனைப் பழங்களைக் கடித்து நாசமாக்குகின்றன" என்றால், 'ரோடன்ட்ஸ்' என்பது எலி, அணில் சேர்ந்த கொறிக்கும் இனம் என்று சொல்லாமலே தெரிகிறது. 'சச் அஸ்', 'ஃபார் எக்சாம்பல்', 'இன்குலூடிங்' ஆகியவை இதற்கு அடையாளம்.

நான்காவது, காரணமும் விளைவும். 2010 நவம்பரில் கெடாவிலும் பெர்லிஸிலும் பெருவெள்ளம் வந்தது நினைவிருக்கும். அதைப் பற்றிய ஆங்கிலப் பத்தியில், "ஆறு கரை புரண்டதால் வயல்கள் 'இனண்டேட்டட்' ஆயின, மக்கள் படகில் வெளியேறினார்கள்" என்று இருந்தால், காரணம் முன்னால் நிற்கிறது, விளைவு பின்னால் நிற்கிறது. நடுவில் இருக்கும் சொல்லுக்கு 'நீரில் மூழ்கின' என்பதைத் தவிர வேறு பொருள் வருமா?

ஒரு சொல், பல வேலை

இன்னொரு சங்கடம் உண்டு. சொல் தெரிந்ததுதான், ஆனால் பொருள் வேறாக இருக்கும். மரம் சீவுவதற்கு ஆங்கிலத்தில் 'டெப்' என்பார்கள். சீவுகிறவர் 'டெப்பர்'. அதே சொல் தண்ணீர்க் குழாயையும் குறிக்கும், தோளை மெல்லத் தட்டுவதையும் குறிக்கும், தொலைபேசியை ஒட்டுக் கேட்பதையும் குறிக்கும். பத்தி தோட்டத்தைப் பற்றியதா, வீட்டைப் பற்றியதா, வழக்கைப் பற்றியதா என்று பார்த்தால்தான் எது என்று தெரியும்.

'அன்டெப்ட் பொடென்ஷல்' என்று தேர்வுப் பத்திகளில் வரக்கூடிய ஒரு தொடர் உண்டு. நகரத்துப் பிள்ளை இதை மனப்பாடம் செய்யும். தோட்டத்துப் பிள்ளைக்கு அது தேவையில்லை. இன்னும் கத்தி வைக்காத மரத்தை நினைத்துக்கொண்டால் போதும். உள்ளே பால் இருக்கிறது, இன்னும் எடுக்கவில்லை. அதுதான் பயன்படுத்தப்படாத ஆற்றல். நம் அம்மா அப்பா செய்த வேலையே நமக்கு ஓர் அகராதி.

'யீல்ட்' என்றால் மகசூல். ஆனால் ஓர் அரசாங்கம் மக்களின் நெருக்குதலுக்கு 'யீல்ட்' ஆனது என்றால், பணிந்தது என்று பொருள். தோட்டத்து 'டிரசர்' மருந்து கொடுப்பவர். ஆங்கிலக் கதையில் சட்டையை மடித்து 'டிரசருக்குள்' வைத்தாள் என்று வந்தால் அது அலமாரி. தெரிந்த சொல் என்று அவசரப்பட்டுத் தாண்டினால் கேள்வி தவறிப் போகும்.

மலாய் கொடுக்கும் கை

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு பலமும் உண்டு. இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்களை மலாயில் படித்தவர்கள் நீங்கள். பொருளாதாரப் பாடத்தில் 'இன்ஃப்லாசி' படித்தீர்கள். ஆங்கிலத்தில் அது 'இன்ஃப்ளேஷன்'. 'பொப்புலாசி' என்பது 'பாப்புலேஷன்'. 'மோத்திவாசி' என்பது 'மோட்டிவேஷன்'. 'சி' என்று முடிவதை 'ஷன்' ஆக்கிப் பாருங்கள், பல இடங்களில் கதவு திறக்கும். எல்லா இடத்திலும் திறக்காது. மலாயில் 'பொலிஸ்' என்றால் காவல்துறை, 'பொலிசி' என்றால் கொள்கை. ஒலியை மட்டும் நம்பினால் கொள்கையைக் காவல் நிலையத்தில் தேடுவோம். அங்கேயும் வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கே இது பலிக்காது?

இந்த வழியைச் சர்வரோக நிவாரணி என்று நான் சொல்ல மாட்டேன். பொருளை ஊகிக்க வேண்டுமானால் சுற்றியுள்ள சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். நியூசிலாந்தின் பேராசிரியர் பால் நேஷனும் அவருடன் ஆய்வு செய்தவரும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, ஒரு பத்தியை உதவியின்றி நன்கு புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவைச் சொல்கிறது. அதாவது, ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாவிட்டால் சமாளிக்கலாம். ஐந்துக்கு ஒன்று தெரியாவிட்டால் தடயமே இருட்டாகிவிடும்.

ஆகவே அடித்தளம் வேண்டும். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் வங்காளத்தில் கல்விப் பணி செய்தவர். நம்மைப் போல் ஆங்கிலத்தை வேற்று மொழியாகப் படிக்கும் பிள்ளைகளின் சிரமத்தை நேரில் பார்த்தவர். அவர் 1953-இல் வெளியிட்ட பொதுச்சொற் பட்டியலில் ஏறக்குறைய 2,000 சொற்கள் இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் ஏவெரில் காக்ஸ்ஹெட் உயர்கல்வி நூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். முதல் இரண்டாயிரம் இல்லாமல் கடினச் சொற்களை உருப்போடுவது, தூண் இல்லாமல் கூரை வேய்வதைப் போன்றது. பட்டியலை மனனம் செய்யச் சொல்லவில்லை. எளிய கதைப் புத்தகங்களை நிறையப் படித்தால் அந்தச் சொற்கள் தாமாகவே திரும்பத் திரும்ப வந்து உங்களிடம் தங்கிவிடும்.

சில நேரம் தடயம் ஏமாற்றவும் செய்யும். "வேலை போன செய்தியை அவர் 'ஸ்டோயிக்' முகத்துடன் கேட்டார்" என்று இருந்தால், துக்க முகம் என்று ஊகிப்போம். அடுத்த வாக்கியத்தில், "அவர் கண்ணில் ஒரு துளி நீரும் இல்லை" என்று வருகிறது. உணர்ச்சியைக் காட்டாத முகம் என்பதே சரி. எனவே ஊகித்த பொருளை அந்த இடத்தில் வைத்து, முன் வாக்கியத்தையும் பின் வாக்கியத்தையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் மாற்றுங்கள். வீட்டில் படிக்கும்போது முதலில் ஊகம், பிறகுதான் அகராதி. வரிசை மாறினால் பயிற்சியே கிடையாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் தமிழ்ப் பத்திரிகையைப் படியுங்கள். அன்றைக்கு முக்கியமான ஒரு செய்தியை நன்றாகப் புரிந்துகொண்டு, அதே செய்தியை ஆங்கிலப் பத்திரிகையில் படியுங்கள். என்ன நடந்தது என்று முன்பே தெரிவதால் தெரியாத சொற்களுக்கு வெளிச்சம் கிடைக்கும். காற்பந்தாட்டமோ, எண்ணெய் விலையோ, எதுவாகவும் இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு செய்தி, மூன்று சொற்கள். நோட்டுப் புத்தகத்தில் சொல்லை மட்டும் எழுதாதீர்கள். அது வந்த வாக்கியத்தை முழுதாக எழுதி, எந்தத் தடயத்தால் பொருள் கண்டீர்கள் என்றும் பக்கத்தில் குறியுங்கள். ஒரு வாரம் கழித்து பொருளை மறைத்துவிட்டு மறுபடி படியுங்கள். ஒரே ஒரு முறை பார்த்த சொல் நிலைக்காது.

என் துறையிலிருந்தும் ஒன்று சொல்கிறேன். ஆங்கில நிகழ்ச்சிகளுக்குத் திரையின் அடியில் மலாய் வரிகள் ஓடுகின்றன. காதில் ஆங்கிலம், கண்ணில் மலாய், நடுவில் படம். மூன்று தடயங்கள் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அது. பார்ப்பதை அரை மணி நேரமாவது கவனித்துப் பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சுங்கை பட்டாணி நிகழ்ச்சி ஒன்றில் ஓர் அம்மா என்னிடம், "நான் ஆறாம் வகுப்பைத் தாண்டலம்மா, ஆங்கிலத்துல பிள்ளைக்கு நான் என்ன உதவி செய்ய முடியும்?" என்று கேட்டார். அம்மா, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாததே பிள்ளைக்கு உதவிதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, "இன்னைக்கு என்ன படிச்சே? தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்னால், "அது எப்படி உனக்குத் தெரிஞ்சது?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். "முன்னாடி இப்படி இருந்துச்சும்மா, பின்னாடி இப்படி வந்துச்சும்மா" என்று பிள்ளை விளக்கும். விளக்க முடிந்தால் புரிந்திருக்கிறது. முடியாவிட்டால் மறுபடி படிக்கும். பிரத்தியேக வகுப்பில் பணம் கட்டி வாங்கும் பயிற்சியில் பாதி இந்த இரண்டு கேள்விகளிலேயே இருக்கிறது.

மாணவ மணிகளே, தெரியாத சொல்லைக் கண்டதும் தாளை மூடிவிடாதீர்கள். அந்தச் சொல்லின் இடப்பக்கம் பாருங்கள், வலப்பக்கம் பாருங்கள், அடுத்த வரிக்குப் போய்த் திரும்பி வாருங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு செய்தியை எடுத்து மூன்று சொற்களோடு தொடங்குங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.