நலவாழ்வு விடுதியும் போகோபபோக பரிமாணமும்

 

விடுமுறை வந்தால் விஜயமங்கலம் சந்திரப்பிரபர் கோயிலையும் மேல்சித்தாமூரையும் நினைத்த குடும்பங்களில், இன்று தாய்லாந்து, பாலி, இலங்கைக் கடற்கரைகளின் ஸ்பா விடுதிகளும் பேச்சில் அடிபடுகின்றன. கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கையில் அவை தொலைவாகவும் தோன்றுவதில்லை. இதில் குற்றமில்லை. மருந்து கொடுத்தலை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்த சமயம் உடல்நலத்தை இகழாது. விடுதியை எதைக் கொண்டு தேர்வது என்பதே கேள்வி.

சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்ட சிராவகாசாரத்தில், இல்லறத்தார் அளவு வகுத்துக்கொள்ள வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறார்: உணவு, ஊர்தி, படுக்கை, நீராடல், உடற்பூச்சு, மலர், தாம்பூலம், ஆடை, அணி, இசை. விடுதியின் விளம்பரத்தாளை அருகில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதே வரிசை! ஆசாரியர் அளவிடச் சொன்னதை விடுதி அளவின்றித் தருவதாகச் சொல்கிறது. ஒரு நாள், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம், ஒரு பருவம், ஓர் அயனம் எனக் காலவரையறையையும் அவரே காட்டியுள்ளார். ஆதலின் பத்து நாள் பயணத்துக்குப் பத்து நாள் நியமம் போதும். ஆனால் அது முன்பணம் கட்டுமுன் முடிவாக வேண்டும்.

முதலில் அடுக்களை. தாய்லாந்தில் காய்கறிப் பொரியலிலும் மீன்சாறு சேர்வதுண்டு. பப்பாளிக் கலவையில் உலர்ந்த இறால் இடுவர். இலங்கையில் தேங்காய்ச் சம்பலில் மாசிக்கருவாடு கலப்பது வழக்கம். ‘சைவம்’ என்ற ஒரு சொல்லை நம்பாமல், இவை இராது என்று எழுத்தில் பெறுவது நலம். பாலியில் மாலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையே பொழுது சாய்ந்துவிடும். உணவுக்கூடம் திறப்பது பெரும்பாலும் அதன் பின்னரே. 5 மணிக்கே உணவு கிடைக்குமா என்று கேளாமல் சென்றால், இரவுண்ணா நோன்பு பூண்ட மூதாட்டி பழம் மட்டும் தின்று இளைத்துத் திரும்புவார். அல்லது பிள்ளைகள் மனம் கோணக் கூடாதென்று நோன்பை விடுவார். இரண்டும் ஓய்வாகா.

உடற்பூச்சிலும் கவனம் வேண்டும். முகப்பூச்சில் தேன் இருக்கலாம். கொலாஜன் என்பது மீன், மாடு முதலியவற்றின் தோலிலிருந்து எடுக்கப்படுவது. கால்களைச் சிறு மீன்களுக்குத் தின்னக் கொடுக்கும் தொட்டியைப் பற்றி இந்த அவையில் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. பி. வி. ராம வாரியர் 1943இல் தொடங்கிய ஆரிய வைத்திய பார்மசி கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. இந்நகரின் ஆயுர்வேத சிகிச்சையை நாடி அயல்நாட்டார் கடல்கடந்து வருகின்றனர். எண்ணெய்த் தேய்ப்புக்காகக் கொங்கு நாட்டார் கடல்கடப்பது சற்று வேடிக்கைதான்! எனினும் உள்ளூர் என்பதாலேயே எல்லாம் ஏற்புடையது ஆகிவிடாது. லேகியங்களில் தேன் சேர்வதுண்டு. அனுபானமாகவும் தேன் தருவர். மாற்று உண்டா என்று வைத்தியரைக் கேட்பதில் கூச்சம் வேண்டா. 9ஆம் நூற்றாண்டில் உக்கிராதித்தியர் என்னும் சமண ஆசாரியர், கள்ளும் ஊனும் தேனும் விலக்கியே கல்யாணகாரகம் என்ற முழு மருத்துவ நூலை இயற்றினார். ஊனுணவு மருந்தாகாது என்பதை இராட்டிரகூட மன்னன் அவையில் மருத்துவர்கள் முன்னிலையிலேயே வாதிட்டார்.