சாப்பிட்ட கையோடு தேநீர் வேண்டாமே!

கீரை, பருப்பு, பயறு எல்லாம் தவறாமல் சாப்பிட்டும் இரத்தசோகை என்று மருத்துவர் சொன்னால் யாருக்கும் குழப்பம் வரத்தான் செய்யும். மாதவிலக்கில் இழக்கும் இரத்தம் உட்பட இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் பலர் கண்டுகொள்ளாத ஒன்று, சாப்பாட்டு மேசையிலேயே ஆவி பறக்க நிற்கும் தே தாரிக்.

உணவிலுள்ள இரும்புச் சத்து பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. இறைச்சி, மீனின் இரத்தத்திலும் தசையிலும் உள்ள இரும்பு எளிதில் உள்ளே போய்விடும். கீரை, பருப்பில் உள்ள இரும்பு அப்படியல்ல. தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் டானின் போன்ற பொருள்கள் அதைப் பிடித்துக் கொள்கின்றன. அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துக் கறுப்பு மை செய்தார்கள் அல்லவா? ஏறக்குறைய அதே சேர்க்கைதான் குடலிலும் நடக்கிறது. அப்படிக் கட்டுண்ட இரும்பு உடலில் சேராமல் மலத்தோடு வெளியேறிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் நடத்தப்பட்டு 1975இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ரொட்டியோடு தேநீர் குடித்தபோது, உடலில் சேர்ந்த இரும்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

பால் ஊற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதனால் பெரிய மாற்றம் ஏதுமில்லை. காப்பிக்கும் இந்தக் குணம் உண்டு. தேநீரை விடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

அதற்காகத் தேநீரையே விட்டுவிடச் சொன்னால் யார் கேட்பார்கள்? விடவும் வேண்டாம். நேரத்தை மாற்றினாலே போதும். பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், உணவோடு குடித்த தேநீர் இரும்பு உறிஞ்சலை 37 விழுக்காடு குறைத்தது. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோது அந்தப் பாதிப்பு தணிந்தது.

சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்த நீரோ, ஒரு துண்டு கொய்யாவோ இருந்தால் இன்னும் நல்லது. அவற்றிலுள்ள வைட்டமின் சி, இரும்பைக் குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. பயறு, தானியங்களில் உள்ள பைட்டேட் என்ற பொருளும் இரும்பையும் துத்தநாகத்தையும் தடுக்கக்கூடியது. ஊறவைத்து, அரைத்து, புளிக்க வைத்தால் அது குறையும். தோசை மாவை இரவெல்லாம் புளிக்க விட்ட பாட்டிமார்களுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது!

இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. மாத்திரைக்கு வெறும் தண்ணீரே சரி. இன்னொன்று: இரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதல்ல. மலேசியாவில் பரவலாகக் காணப்படும் தலசீமியாவும் காரணமாகலாம். அந்நோய் உள்ளவர்களில் சிலருக்கு உடலில் இரும்பு மிகுந்துவிடுவதால், அதைக் குறைக்க உணவோடு தேநீர் குடிக்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. ஆகவே மருந்துக் கடையில் இரும்பு மாத்திரை வாங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.