முற்றத்துப் பாசியும் அமுக்க நீர்ப்பொறியும்

மாரி ஓய்ந்து தைமாத வெயில் எறிக்கத் தொடங்கும்போது, சீமெந்து இட்ட முற்றங்களிலும் கிணற்றடிகளிலும் பச்சையும் கருமையுமாகப் பாசி படர்ந்திருக்கக் காணலாம். காய்ந்த வேளையில் வெறுங் கறைபோலத் தோன்றும் இப்பாசி, அடுத்த தூறலிலே எண்ணெய் பூசிய தளம்போல வழுக்கும். முகங்கழுவவோ பூப்பறிக்கவோ விடியலில் வெளிவரும் முதியோர் அதிலே கால்வைத்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது எவ்வூரிலும் கேள்விப்படுவதே. ஆதலால் பாசி நீக்குதல் வீட்டினரின் நலனையொட்டிய கருமமாகும்.

தும்புத்தடியும் வாளித்தண்ணீரும் செய்துவந்த இவ்வேலைக்கு இன்று அமுக்க நீர்ப்பொறி வந்துள்ளது. மக்கள் இதனைப் பிரசர் வோசர் என்பர். ஜேர்மனியிலே கேர்ச்சர் நிறுவனத்தார் 1950 ஆம் ஆண்டில் வெந்நீரை உயர் அமுக்கத்திற் பீச்சும் பொறியொன்றை ஆக்கினர். வீடுகளில் வழங்கும் சிறு பொறிகள் பெரும்பாலும் தண்ணீரையே பீச்சுவன. மின்னோடி ஒரு பம்பியை இயக்க, பம்பி நீரை நெருக்கி மிகச் சிறிய வாயினூடாக வெளியே தள்ளுகின்றது. பொறியின் அமைப்பு இவ்வளவே.

அந்த நெருக்கத்தின் அளவை உணராதவர்களே பெரும்பாலும் விபத்துக்கு ஆளாகின்றனர். ஏறக்குறைய பத்து மீற்றர் உயரமுள்ள நீர்நிரல் ஒரு வளிமண்டல அமுக்கத்தைத் தரும். ஐந்து மீற்றர் உயரத்துத் தொட்டியிலிருந்து வரும் குழாய்நீரில் அதன் பாதியே உண்டு. வீட்டுப் பொறியோ 100 முதல் 150 வளிமண்டலம் வரை தரவல்லது. மலைநாட்டுப் பண்டாரவளையிலே தொட்டியைக் கட்டி, அங்கிருந்து குழாயிறக்கிக் கடற்கரையிலே திறந்தால் என்ன வேகம் இருக்குமோ, ஏறத்தாழ அவ்வேகத்தைக் கைப்பிடிக்குள் அடக்கிய கருவி இது. தண்ணீர்தானே என்று எண்ணுதல் தகாது.

இத்தாரை அருகிருந்து உடலிற் பட்டால் தோலைத் துளைத்து உட்புகும். புண் ஊசி குத்தியதுபோலச் சிறிதாகவே தோன்றும். குருதியும் அதிகம் வராது. உள்ளேயோ நீரும் அழுக்கும் கிருமிகளும் தசைகளினூடே பரவியிருக்கும். சிறு காயமென்று மருந்து தடவி இருந்துவிடாமல் உடனே வைத்தியசாலைக்குச் சென்று, உயர் அமுக்க நீர் பாய்ந்த காயமெனத் தெளிவாகச் சொல்லல் வேண்டும். கிணற்றுநீரின் மணல் பீச்சுவாயை அடைக்கும்போது விரலால் நோண்டிப் பார்ப்போர் உளர். மின்னை நிறுத்தி, நீர்க்குழாயையும் பூட்டி, விசையை அழுத்தி உள்ளே எஞ்சிய அமுக்கத்தை வெளியேற்றிய பின்னரே பீச்சுவாயைத் தொடலாம்.

அடுத்தது மின்சாரம். நனைந்த சீமெந்தில் வெறுங்காலுடன் நின்று 230 வோல்ற்றுப் பொறியைக் கையாளுவதைக் காட்டிலும் அபாயமான வேலை வீட்டிலே அரிது. ரிப் சுவிச்சு இல்லாத வீட்டில் இப்பொறியை இயக்கவே கூடாது. 30 மில்லி அம்பியர் மின்கசிவு ஏற்பட்டதும் மின்னைத் துண்டிப்பது அது. உள்ள வீட்டிலும் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகின்றதா எனப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்குதல் நன்று. வயர் எட்டாவிடின் நாடா சுற்றிய துண்டு வயர்களை ஒட்டி நீட்டுவது நம்மவர் வழக்கம். அவ்வொட்டுத்தான் குட்டை நீரிற் கிடக்கும்! வயரை நீட்டுவதிலும் தண்ணீர்க் குழாயை நீட்டுவதே மேல்.

வேலை செய்பவர் முழங்கால்வரையான இறப்பர்ச் சப்பாத்தும் நீண்ட காற்சட்டையும் கண்ணாடியும் அணிதல் வேண்டும். தெறிக்கும் கூழாங்கல் கண்ணையே பறிக்கும். சிறுவர்களையும் நாயையும் முன்னரே அப்புறப்படுத்துக. ஏணிமேல் நின்று பீச்சுதல் ஒருபோதும் ஆகாது. தாரையின் எதிருதைப்பு ஆளைத் தள்ளிவிடும். பெற்றோலில் இயங்கும் பொறியாயின் அதனைக் கொட்டகைக்குள்ளே வைத்து இயக்கலாகாது. காபனோரொட்சைட்டு எனும் நச்சுவாயு மணமின்றியே கொல்லும்.

பீச்சுவாய்களுக்கு நிறக் குறிகள் உள. சிவப்பு ஒரே கோடாகப் பாய்வது. முற்றத்துக்கு அது வேண்டியதில்லை. பச்சை 25 பாகையும் வெள்ளை 40 பாகையும் விரிவன. வெள்ளையிலே தொடங்கி, போதாதெனின் பச்சைக்கு மாறலாம். முதலில் சருகையும் மணலையும் கூட்டி அகற்றுக. பின்பு இரண்டு மூன்று அடி தொலைவில் சாய்வாகப் பிடித்து, மேட்டுப் பக்கத்திலிருந்து வடிகான் பக்கமாக, ஒரு வரிசையின் ஓரம் மறு வரிசையிற் படியுமாறு நிதானமாகச் செல்லுக. ஓரடிக்குக் கிட்டக் கொண்டுபோனால் சீமெந்தின் மேற்பூச்சே உரிந்துவிடும்; உரிந்த தளத்தில் அடுத்த மாரிக்குப் பாசி முன்னையிலும் இறுகப் பற்றும். பதிகற்கள் பரப்பிய முற்றத்திலே இடுக்குமணல் கழுவுண்டு போகும். காய்ந்தபின் புதுமணலைத் தூவிக் கூட்டி நிரப்பாவிடின் கற்கள் ஆடத் தொடங்கும்.

முற்றம் முடிந்த உற்சாகத்திற் சிலர் பொறியைக் கூரைமேல் திருப்புவர். அஸ்பெஸ்ரஸ் தகடுகளின்மீது இத்தாரை படவே கூடாது. அது தகட்டின் மேற்பரப்பை அரித்து நுண்ணிழைகளை வெளிப்படுத்தும். நுரையீரலிற் புகும் அவ்விழைகள் ஆண்டுகள் பல கழித்துப் புற்றுநோயை விளைக்கவல்லன.

விடாப்பிடியான கறைக்குக் குளோரீன் தூள் இடுவோர், அதனோடு மலசலகூடம் கழுவும் அமிலத்தைச் சேர்த்துவிடலாகாது. இரண்டும் கலந்தால் குளோரீன் வாயு கிளம்பி மூச்சையடைக்கும். கழுவிய நீர் எங்கே போகின்றதென்பதையும் கவனித்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊறும் நீர் விரைவிலே கிணற்றுநீரோடு சேரும். ஆகையால் கிணற்றடியில் மருந்து வகைகள் எதனையும் விடுத்து, தும்புத்தடியாலேயே தேய்த்துக் கழுவுதல் உத்தமம். சிறு முற்றமாயினும் அதுவே போதும். பொறியை வாடகைக்கு எடுத்துவரும் நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

பாசி மீளவும் பிடிப்பது நிழலும் ஈரமும் நீங்காத இடத்திலேதான். முற்றத்தின்மேற் கவிந்த மாங்கொப்பைத் தறித்து வெயில் விழச் செய்து, அடைபட்ட வடிகானையும் திறந்துவிட்டால், அடுத்த தையிலே கழுவவேண்டிய பரப்புக் குறைந்திருக்கும்.