பொருந்தும் புரி

ஒற்றைவேகத் துவிச்சக்கரவண்டி இருவகைப்படும். பிறீவீல் பூட்டியது மிதியாதபோதும் உருளும். நிலைப்பற்சில்லு பூட்டியதிலோ சக்கரம் சுழலுமளவும் மிதியும் சுழலும்.

உதிரிப்பாகம் வாங்குவோர் முதலிற் சங்கிலியின் அகலத்தை நோக்குதல் வேண்டும். 1/8 அங்குலச் சங்கிலி 3/32 அங்குலப் பற்சில்லிலும் ஓடும். ஒடுங்கிய சங்கிலியோ அகன்ற பல்லில் இறங்காது. இப்பிழை பூட்டும்போதே புலப்படும்.

புலப்படாத பிழை பின்சக்கரக் குடத்தில் உள்ளது. பிறீவீலுக்குரிய குடத்திலும் நிலைப்பற்சில்லின் புரி பொருந்தும். ஆயின், அதனைக் கழலாது காக்கும் பூட்டுவளையத்துக்குரிய இடப்புரி அங்கில்லை. வேகத்தை அடக்க ஓட்டுபவர் மிதியைப் பின்னோக்கி அழுத்துங்கால் பற்சில்லு கழன்றுவிடும். இறக்கத்தில் அது உயிருக்கே கேடாகும்.

ஆகவே, ஒரு புரி பொருந்தியதுகொண்டு அமையாது, இரண்டாம் புரியும் உண்டோவெனப் பார்த்தே குடத்தை வாங்குதல் வேண்டும். முன்சக்கரத்துக்குப் பிறேக்கும் இன்றியமையாதது.