இரண்டு கற்களும் ஒரு பகற்பொழுதும்



பழந்தமிழ் இலக்கியத்திலே ஆற்றுப்படை என்றொரு வகை உண்டு. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்புகின்ற கலைஞன், எதிரே வரும் வறிய கலைஞனுக்கு வழி சொல்லி அனுப்புவது அதன் அமைப்பு. சிறுபாணாற்றுப்படையைப் பாருங்கள். எயிற்பட்டினத்திலே சுட்ட மீன் கிடைக்கும், வேலூரிலே புளியிட்ட சூடான சோறு கிடைக்கும், ஆமூரிலே நண்டோடு வெண்சோறு கிடைக்கும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறது. போய்ச் சேரவேண்டிய இடம் வள்ளலின் அரண்மனைதான். ஆனால் இடையிலே தங்கும் ஊர்களுக்கும் பாட்டிலே இடம் உண்டு. இடைவழியையும் பயணமாகவே கண்டவர்கள் நம் புலவர்கள்.

இன்று நாம் இடைவழியைக் காத்திருப்பு என்று மட்டுமே எண்ணுகிறோம். பிள்ளைகளோடு பயணஞ் செய்பவர்களுக்கு அது பெரும் பாரமாகவும் தோன்றுகிறது. ஒரு நகரத்திலே காலையில் இறங்கி இரவில் புறப்படவேண்டும். நடுவிலே ஒரு பகல். அதை என்ன செய்வது? இதைப்பற்றியே இன்று உங்களோடு சிறிது கதைக்க விரும்புகிறேன்.

2018 ஓகஸ்ட் மாதத்தில் என் தமக்கையின் மகள், ரொறன்ரோவிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். மூத்தவள் பதினொரு வயதுச் சிறுமி. இளையவன் ஏழு வயதுப் பையன். விடியற்காலை கட்டுநாயக்காவில் இறங்கினார்கள். இரவுப் புகையிரதத்தில் யாழ்ப்பாணம் போக ஆசனம் பதிவு செய்திருந்தாள். 1990இல் துண்டிக்கப்பட்ட அந்தப் பாதை, 2014 ஒக்டோபரிலேதான் மீண்டும் யாழ்ப்பாணம் வரை திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு அந்தப் பயணத்தைக் காட்டவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஆனால் கொழும்பைப் பற்றி அவளுக்கு எந்த ஆசையும் இருக்கவில்லை.

"மாமா, பிள்ளையள் களைச்சுப் போயிருக்கினம். வெள்ளவத்தையிலை அறைக்குள்ளேயே இருந்திட்டு இரவைக்கு ரயிலேறுவம்" என்றாள்.

அவள் சொன்னதற்குக் களைப்பு மட்டும் காரணமல்ல. 1996இல், பதின்மூன்று வயதிலே, வெளிநாடு போவதற்காகத் தாயோடு கொழும்பிலே மூன்று மாதம் ஒரு லொட்ஜில் காத்திருந்தவள் அவள். பொலிஸ் பதிவு, சோதனை, அடையாள அட்டை என்றிருந்த காலம். தாய் பிள்ளையைத் தெருவுக்கு விடவில்லை. கொழும்பு என்றால் அவளுக்கு ஒரு ஜன்னலும் ஒரு மின்விசிறியுந்தான். அவளைப் போல எத்தனையோ பிள்ளைகள் அந்த ஆண்டுகளில் இந்த நகரத்தைக் காணாமலே கடந்து போனார்கள்.

நான் அவளோடு வாதாடவில்லை. முதலிலே பிள்ளைகளைக் குளிக்க வார்த்து, பாணும் பருப்பும் கொடுத்து, இரண்டு மணி நேரம் உறங்க விட்டோம். ரொறன்ரோவுக்கும் நமக்கும் ஏறக்குறையப் பத்து மணி நேர வித்தியாசம். நமது நண்பகலில் அந்தப் பிள்ளைகளின் உடம்புக்கு நள்ளிரவு தாண்டிய நேரம். உறக்கத்தைத் திருடிக்கொண்டு ஊர் காட்டினால் பிள்ளைக்கு அழுகைதான் மிஞ்சும்.

பிறகு ஒரு கணக்குப் போட்டோம். பாரமான பொதிகள் வீட்டிலேயே இருக்கட்டும். கூரையின் கீழே ஒரு இடம், திறந்த வெளியிலே ஒரு இடம், இவ்விரண்டும் போதும். இரண்டுக்கும் நடுவிலே ஒரு மணி நேரத்தை எதற்கும் ஒதுக்காமல் விடவேண்டும். அந்த நேரம் பிள்ளைகளுக்குச் சொந்தம். நான்கு இடங்களை எழுதி வைத்துக்கொண்டு ஓடுகிற பெற்றோரைக் கண்டிருக்கிறேன். மாலையிலே அவர்களிடம் நான்கு புகைப்படம் இருக்கும்; பிள்ளையிடம் ஒன்றும் இருக்காது.

கூரையுள்ள இடமாகத் தேசிய நூதனசாலையைத் தெரிந்தோம். ஆளுநர் சேர் வில்லியம் கிரகறியின் காலத்திலே, 1877 ஜனவரி முதலாந் திகதி திறக்கப்பட்ட வெள்ளை மாளிகை அது. அதே 1877இல் கொழும்பிலே பிறந்தவர்தான் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அவர் பெயரைத் தாங்கிய வீதியும் அயலிலேதான் இருக்கிறது. உள்ளே ஒரு நாள் முழுவதும் பார்த்தாலும் முடியாத பொருட்கள் உண்டு. நாங்கள் ஒரு கல்லைப் பார்ப்பதற்காகவே போனோம்.

காலியிலே 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நாட்டியது. 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற திருமாலுக்குச் சொல்கிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் நீள்கிறது. கண்டெடுக்கப்படும்போது அந்தக் கல் ஒரு மதகின் மேலே குப்புறக் கிடந்ததாம்.

"ஏன் குப்புறப் போட்டவை?" என்று கேட்டான் பையன்.

"வாசிக்கத் தெரியாதவைக்கு அது வெறுங் கல்தானே" என்றேன்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலே எழுத்துக் கற்ற சிறுமி, கல்லுக்கு அருகே போய் வெகுநேரம் நின்றாள். 'க' போல ஒன்றைக் கண்டாள். 'ட' போல ஒன்றைக் கண்டாள். தம்பிக்கு விரலால் காட்டினாள். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வெட்டப்பட்ட எழுத்திலே ஒன்றிரண்டை ரொறன்ரோவில் வளர்ந்த பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. வேறொன்றையும் பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. முற்றத்து ஆலமரத்தின் விழுதுகளுக்குள்ளே ஓடி விளையாடித்தான் அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழித்தார்கள். அதுவும் நகரந்தானே.

மாலை ஐந்து மணிக்குக் காலிமுகத்திடலுக்கு வந்தோம். கொழும்பிலே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஆறு மணியை அண்டியே மறைகிறது. ஆகவே இரவுப் பயணிக்கு இதைவிட வசதியான காட்சி வேறில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசியது. அலை உயர்ந்திருந்தது, வானத்திலே பட்டங்கள். இறால் வடையைக் கடித்துவிட்டுக் காரம் தாங்காமல் பையன் குதித்தான். ஓர் ஐஸ்கிறீம் அவனைச் சமாதானப்படுத்தியது.

அந்த நடைபாதையோரத்திலே ஒரு நினைவுக்கல் உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. 1856இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் இந்த நடைபாதையைத் தொடங்கி, 1859இல் அது நிறைவுற்றபோது, கொழும்பின் பெண்களினதும் சிறுவர்களினதும் நன்மைக்காக இதனைத் தமக்குப் பின்வரும் ஆளுநர்களிடம் ஒப்படைப்பதாக அதிலே ஆங்கிலத்திற் பொறித்திருக்கிறார். சிறுமி அதை உரத்து வாசித்தாள். தாய் பக்கத்திலே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சற்று நேரங் கழித்து மெல்லச் சொன்னாள்: "மூண்டு மாதம் இஞ்சை இருந்தனான் மாமா. இந்தக் கடலை ஒருநாளும் காணேல்லை. அப்ப நான் கொழும்புப் பிள்ளை இல்லையோ?"

எனக்கு விடை வரவில்லை. அதற்குள்ளே பையன் அவளுடைய கையைப் பிடித்து அலையடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டான். செருப்பைக் கையிலே தூக்கிக்கொண்டு, சேலைக்கரை நனைய, அவள் சிரித்ததை அன்றுதான் நெடுங்காலத்துக்குப் பின் கண்டேன்.

புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கோட்டை நிலையத்துக்குப் போய்விட்டோம். பிள்ளைகளோடு போகிறவர்கள் கடைசி நிமிட ஓட்டத்தைத் தவிர்க்கவேண்டும். பகல் முழுவதும் சேர்த்த மகிழ்ச்சியை அந்த ஓட்டம் ஒன்றே கெடுத்துவிடும். புகையிரதம் மருதானையைத் தாண்டுமுன்பே இருவரும் உறங்கிவிட்டார்கள் என்று மறுநாள் தொலைபேசியிலே சொன்னாள்.

பெரும்பாணாற்றுப்படையிலே ஒரு காட்சி உண்டு. தச்சர் செய்து கொடுத்த சிறுதேரை உருட்டி விளையாடிய பிள்ளைகள், களைத்துப்போய்ப் பாலருந்திப் படுக்கையிலே உறங்குகிறார்கள். வழி சொல்ல வந்த புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதைக் காண்பதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார். நிறைவாக விளையாடிக் களைத்த பிள்ளையின் உறக்கத்தைவிட ஒரு பகற்பொழுதுக்கு வேறென்ன பயன் வேண்டும்?

நேயர்களே, அடுத்த முறை ஒரு நகரத்திலே பிள்ளைகளோடு சில மணி நேரம் தங்க நேர்ந்தால், அதைக் கழிப்பது எப்படி என்று கேளாதீர்கள். அந்த நகரத்திலே எந்த ஒன்று இந்தப் பிள்ளைக்குச் சொந்தமாகலாம் என்று கேளுங்கள். அது ஒரு கல்லாக இருக்கலாம், ஒரு மரமாக இருக்கலாம், ஓர் அலையாகவும் இருக்கலாம். அந்த ஒன்றைக் காட்டிவிட்டால் பிள்ளை அந்த நகரத்துக்கு அந்நியனாகத் திரும்பி வரமாட்டான்.